ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

ஓர் அக்டோபர் மாதப் பிற்பகல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அந்த மாதங்களில் நான்கு மணிக்கு மேல் இடியும் மழையும் தவறாமல் வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன்மேல் ஒரு துண்டையும் போர்த்தி, நனைந்தபடியே என் கடைக்குள் வந்தார். மேசைமேல் வைத்த கையோடு கேட்டார்: "தம்பி, இன்னொரு கடையில் காட்டினேன். ஃபார்மட் அடிக்க வேண்டும் என்றார்கள். அடித்தால் அப்பா படமெல்லாம் போய்விடுமா?"

அவருடைய அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதற்கு முந்தைய ஆண்டு காலமானார். படங்கள் முதலில் கைப்பேசியில் இருந்தன. கைப்பேசி நிறைந்துபோனதும் மகன் அவற்றை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்துவிட்டான். வேறு பிரதி கிடையாது.

"போகும்" என்றோ "போகாது" என்றோ அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. ஃபார்மட் என்ற ஒரு சொல்லை நம் ஊரில் நான்கு வேறு வேலைகளுக்குச் சொல்கிறோம். அவற்றில் மூன்றில் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒன்றில் அழிந்துவிடும். எந்த வேலையைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்கத் தெரியாததால் எத்தனையோ குடும்பங்கள் கல்யாணப் படங்களையும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளையும் இழந்திருக்கின்றன. கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெரட்டும் கணினியும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்பே ஆட்கள் களத்தில் கூடுவார்கள். கிராணி செக்ரோலைத் திறந்து பெயர் வாசிப்பார். மண்டோர் தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். எல்லாவற்றுக்கும் மேலே துரை. பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்து, வெட்டுவதற்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்ட பிறகும், அந்த ஒழுங்கு நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் அப்படியே இருக்கிறது.

கணினியின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே நடப்பதும் ஒரு பெரட்டுதான். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் சிறிய நிரல் ஒன்று எப்போதும் காத்திருக்கும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். விடியற்காலையில் மணி அடிக்கும் காவல்காரரைப்போல, அது கோப்புகளைச் சேமித்து வைக்கும் வட்டில் இருக்கும் இயங்குதளத்தை எழுப்பும். இயங்குதளம் என்பது கணினியின் எல்லா வேலைகளையும் பிரித்துக்கொடுத்து நடத்தும் நிரல்களின் தொகுப்பு. விண்டோஸ் அதில் ஒரு வகை, லினக்ஸ் இன்னொரு வகை. அதன் நடுவில் இருக்கும் தலைமை நிரல் கர்னல், அதுதான் துரை. துரை நேரடியாக ஆளிடம் பேசுவதில்லை அல்லவா? திரைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மண்டோர் உண்டு. அந்தச் சிறு நிரல்களுக்கு டிரைவர் என்று பெயர். என்னென்ன மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது, எதற்கு என்ன அமைப்பு என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேடுதான் செக்ரோல்.

அப்பாவின் படங்கள் இதில் எங்கே இருக்கின்றன? தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில். அவை பெரட்டுக்கு வருவதே இல்லை. ஆபீசில் செக்ரோல் கிழிந்துபோனால் அன்று வேலை நின்றுபோகும். லயத்து வீட்டுப் பெட்டியில் இருக்கும் சேலைக்கு ஒன்றும் ஆவதில்லை. நீலத் திரை வந்து கணினி எழும்பாமல் நிற்கும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இவ்வளவுதான்: பெரட்டு கலைந்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், இயங்குதளத்தின் கோப்புகள் வேறு, உங்கள் கோப்புகள் வேறு. இரண்டும் ஒரே வட்டில் இருக்கின்றன. ஆனால் ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

ஒரு கோப்பு எப்படிக் கெடுகிறது?

வந்ததும் எல்லோரும் சொல்வது "வைரஸ் வந்துவிட்டது" என்பதைத்தான். சில நேரம் அது உண்மை. ஆனால் நான் பார்த்தவரை நம் பக்கத்தில் மின்சாரமும் பழைய வட்டுகளும்தான் அதைவிட அதிகமாகக் கெடுக்கின்றன.

கெடுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஓர் எண் உண்டு. 'அ' என்பதற்கு 2949. 'இ' என்பதற்கு 2951. அந்த எண்களையும் கணினி சுழியமாகவும் ஒன்றாகவும்தான் எழுதி வைக்கும்:

அ – 101110000101
இ – 101110000111

கடைசிக்கு முந்தைய இடத்தைப் பாருங்கள். மேலே சுழியம், கீழே ஒன்று. வேறுபாடு அவ்வளவுதான். அந்த ஓர் இடம், அதாவது ஒரு பிட், மாறிப்போனால் 'அடி' என்று எழுதி வைத்தது 'இடி' என்று ஆகிவிடும்.

கடிதத்தில் அப்படி ஆனால் படிப்பவர் புரிந்துகொள்வார். படத்தில் ஆனால் ஒரு மூலையில் நிறம் மாறலாம், அல்லது பாதிப் படம் சாம்பல் நிறமாகலாம். இயங்குதளத்தின் கோப்பில் ஆனால் கதை வேறு. அதில் இருப்பவை கட்டளைகள். ஒரு கட்டளை தவறினால் அடுத்தது எங்கோ போகும். அதனால்தான் விண்டோஸ் எழும்பும்போதே தன் முக்கியமான கோப்புகளின் முத்திரையைச் சரிபார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் அந்தக் கோப்பை ஏற்காமல் நின்றுவிடும்.

மின்சாரம் எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு மறுபடியும் கிராணியிடம் போக வேண்டும். அவர் ஒரு தொழிலாளியின் பெயரை ஒரு நிரையிலிருந்து அடித்துவிட்டு இன்னொரு நிரையில் எழுதப்போகிறார். அடித்தாகிவிட்டது, எழுதுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. இப்போது அந்த ஆள் எந்தக் கணக்கிலும் இல்லை. கணினியும் "சேமித்துவிட்டேன்" என்று சொன்ன பிறகு உண்மையில் சற்று நேரம், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தாங்கும் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகுதான் வட்டில் எழுதும். வேகத்துக்காகச் செய்யும் ஏற்பாடு அது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு வட்டில் தங்கிவிடும்.

இதைத் தடுக்க விண்டோஸ் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. "இதை அடித்து அதை எழுதப்போகிறேன்" என்று முதலில் அதில் குறித்துக்கொண்டு பிறகுதான் கோப்புப் பட்டியலில் கை வைக்கும். 1993ஆம் ஆண்டு விண்டோஸ் என்.டி.யுடன் வந்த ஏற்பாடு இது. இன்றும் நம் கணினிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கணினி கெடாமல் இருப்பதற்குக் காரணம் இந்தக் குறிப்பேடுதான். ஆனால் அது காப்பது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை மட்டுமே. கோப்புக்குள் பாதி எழுதப்பட்டிருந்தால் மீதியை அது எழுதித் தராது. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, "கணினியை அணைக்க வேண்டாம்" என்று திரையில் சொல்லும் நேரம் மிகவும் ஆபத்தானது. அப்போது அது தொட்டுக்கொண்டிருப்பது தன் சொந்தக் கோப்புகளை.

மற்ற காரணங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வயதான வட்டில் சில இடங்கள் படிக்க முடியாமல் போகும். நினைவகச் சில்லு பழுதானால் எழுதும்போதே தவறாக எழுதும். திருட்டு மென்பொருளோடு வரும் தீங்கு நிரல்கள் கோப்புகளை மாற்றும்.

நான்கு வேலைகள், ஒரு பெயர்

முதல் வேலை பழுது நீக்குவது. கெட்ட கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு நல்லவற்றை வைப்பது. விண்டோஸ் தன் முக்கியமான கோப்புகளுக்கு நல்ல பிரதிகளை ஒரு கிடங்கில் வைத்திருக்கிறது. சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற கருவி ஒவ்வொரு கோப்பையும் அந்தக் கிடங்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டதை மாற்றும். கிடங்கே கெட்டிருந்தால் டிஸ்ம் என்ற இன்னொரு கருவி இணையத்திலிருந்து நல்ல பிரதிகளை எடுத்துவந்து கிடங்கை நிரப்பும். விண்டோஸ் தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழும்ப முடியாமல் போனால் தானாகவே பழுது நீக்கும் திரையைக் காட்டும். இந்த வேலையில் உங்கள் படங்களையோ மென்பொருளையோ யாரும் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்பு செய்து பார்க்க வேண்டியது இது. அவசரத்தில் பல கடைகள் தாண்டிப்போவதும் இதைத்தான். காத்திருக்கும் நேரம் அதிகம் என்பதே காரணம்.

இரண்டாவது, இருக்கும் வீட்டுக்குள் இருந்தபடியே கூரையை மாற்றுவது. விண்டோஸ் ஏதோ ஒரு வகையில் எழும்புகிறது, ஆனால் அடிக்கடி தடுமாறுகிறது என்றால், நிறுவும் நிரலை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டி, இயங்குதளம் முழுவதையும் புதிதாக்கலாம். படங்களும் இருக்கும், மென்பொருள்களும் இருக்கும். எழும்பவே எழும்பாத கணினிக்கு இந்த வழி உதவாது.

மூன்றாவது ரீசெட். இதில் திரை இரண்டு கேள்விகளைக் காட்டும்: கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். தவறி இரண்டாவதைத் தொட்டால் அது நான்காவது வேலையாகிவிடும். கடையில் கொடுக்கும்போது "எதைத் தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

நான்காவதுதான் உண்மையான ஃபார்மட்: வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. ஆபீசோடு லயத்தையும் சேர்த்து இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது போன்றது.

ஆனால் துடைப்பது என்றால் உண்மையில் என்ன? வழக்கமாகச் செய்யும் விரைவு ஃபார்மட்டில் கோப்புகள் ஒவ்வொன்றாக அழிக்கப்படுவதில்லை. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் புதிதாக, வெறுமையாக எழுதப்படுகிறது. சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்டுடிஸ்கில் கோப்புகள் இன்னும் அங்கேயே இருக்கும். வேறு எதுவும் அதன்மேல் எழுதப்படாதவரை மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. புதிய விண்டோஸை நிறுவினால் அதுவே 20 ஜி.பி.க்கு மேல் எழுதிவிடும். அதன்கீழ் அகப்பட்டவை போனவைதான். தட்டே இல்லாமல் சில்லுகளில் எழுதும் எஸ்.எஸ்.டி. வகையில் நிலைமை இன்னும் கடினம். "இந்த இடம் இனித் தேவையில்லை" என்று இயங்குதளம் சொன்னதும் எஸ்.எஸ்.டி. தானே அந்த இடத்தைக் காலி செய்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் பெரும்பாலும் ஒன்றும் எடுக்க முடியாது. "அழித்தாலும் மீட்டுவிடலாம்" என்று ஊரில் சொல்லும் நம்பிக்கை பழைய வட்டுக் காலத்தில் பிறந்தது.

ஆக, பழுது நீக்குதல், உள்ளிருந்து புதுப்பித்தல், கோப்புகளை வைத்துக்கொள்ளும் ரீசெட் ஆகிய மூன்றும் படங்களைத் தொடுவதில்லை. நான்காவது தொடும். என்றாலும், நடுவில் மின்சாரம் போனால் எந்த வேலையும் கெட்டுப்போகலாம் என்பதால், நான்கில் எதைச் செய்வதாக இருந்தாலும் அடுத்த பகுதியில் வருவதை முதலில் செய்யுங்கள்.

முதலில் உடைமைகளை வெளியே எடுங்கள்

எழும்பாத கணினியிலிருந்து எப்படி எடுப்பது? துரை எழும்பவில்லை என்றால் வேறு துரையை அழைத்துவர வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். உள்ளே இருக்கும் வட்டில் அது எதையும் நிறுவாது. வந்து கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். பிறகு படங்களை வெளி ஹார்டுடிஸ்க் ஒன்றுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். அக்காவின் மடிக்கணினியில் நான் செய்தது இதுதான்.

வட்டிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால் மட்டும் எதையும் செய்யாமல் உடனே அணைத்துவிடுங்கள். அது கோப்புப் பழுதல்ல, பொறிப் பழுது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடும்.

எதையெல்லாம் எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். யூசர்ஸ் என்ற அடைவுக்குள் உங்கள் பெயரில் இருப்பது முழுவதையும் எடுங்கள். முகப்புத் திரையில் போட்டுவைத்தவை, பதிவிறக்கியவை, படங்கள், ஆவணங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் சில கணக்கு மென்பொருள்கள் தங்கள் தரவை அதற்கு வெளியே, தாங்கள் நிறுவப்பட்ட இடத்திலேயே வைத்திருக்கும். ஒரு கோயில் நிர்வாகத்தின் திருவிழா வசூல் கணக்கு அப்படித்தான் காணாமல்போனது. படங்களும் கடிதங்களும் பத்திரமாக வந்தன; கணக்கு மட்டும் வரவில்லை. பொருளாளர் ரசீதுக் கட்டுகளை வைத்துக்கொண்டு பல இரவுகள் உட்கார்ந்து மறுபடி எழுதினார். எனவே கணக்கோ சம்பளப் பட்டியலோ கணினியில் இருந்தால் அதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று பிட்லாக்கர். வட்டில் உள்ளதை எல்லாம் பூட்டி வைக்கும் ஏற்பாடு அது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் நமக்குத் தெரியாமலே அது இயங்கத் தொடங்கியிருக்கும். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். அந்தச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். நம் ஊரில் நடப்பது என்னவென்றால், வாங்கும் நாளில் கடைக்காரரே ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுப்பார். கடவுச்சொல்லை யாரும் எழுதிவைப்பதில்லை. பிறகு வட்டு நன்றாக இருந்தும், படம் உள்ளே இருந்தும், யாராலும் பார்க்க முடியாமல் போகிறது. என் கடையில் வாய்விட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினி நன்றாக இருக்கும் இன்றே அந்தக் கணக்கில் நுழைந்து, சாவியைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்புறையில் வையுங்கள்.

நிறுவும் வேலை

எடுப்பதை எடுத்துவிட்டால் நிறுவுவது பயப்படும் வேலையல்ல. குறைந்தது 8 ஜி.பி. கொண்ட, உள்ளே ஒன்றும் தேவையில்லாத ஒரு பென்டிரைவ் வேண்டும். நிறுவும் கோப்புகளை ஏற்றும்போது அதில் இருப்பது அழிந்துவிடும். நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். பல ஜி.பி. அளவு என்பதால், கைப்பேசி இணையத்தை மட்டும் நம்பியிருக்கும் தோட்ட வீட்டில் இது இரவெல்லாம் ஓடலாம். நல்ல இணையம் உள்ள உறவினர் வீட்டில் செய்துகொள்வது மேல்.

மறுபடி விண்டோஸ் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கணினியோடு முறையான விண்டோஸ் 10 அல்லது 11 வந்திருந்தால் அதன் உரிமம் பொதுவாக அந்தப் பொறியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்ததும் அது தன்னை அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்றால் உங்கள் பொறி விண்டோஸ் 11ஐத் தாங்குமா என்று பாருங்கள். 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. வட்டிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை அதன் தேவைகளில் சில. பழைய பொறிக்கு லினக்ஸ் நல்ல வழி.

நிறுவும்போது ஒரே ஒரு திரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். வட்டின் பிரிவுகள் வரிசையாக, எண்ணும் அளவும் போட்டுத் தெரியும் திரை அது. அங்கே அழித்தால் அழித்ததுதான். படங்கள் இருக்கும் வெளி ஹார்டுடிஸ்க் அப்போது கணினியில் செருகப்பட்டிருந்தால் அதுவும் அந்த வரிசையில் நிற்கும். அதற்கு முன்பே அதைக் கழற்றி எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மறுபடியும் கெடாமல் இருக்க

நிறுவி முடித்து, டிரைவர்கள் வந்து, திரை பளிச்சென்று இருக்கும்போது வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். கெட்டதற்கான காரணம் தீரவில்லை என்றால் சில மாதங்களில் அதே நீலத் திரை திரும்ப வரும். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் கருவியை ஓட்ட வேண்டும். நினைவகச் சோதனையை ஓட்ட வேண்டும். அது விண்டோஸிலேயே இருக்கிறது.

அக்காவின் மடிக்கணினியில் இரண்டும் நன்றாகவே இருந்தன. அடிப்பக்க மூடியைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "உப்பிப்போய்விட்டது என்று ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள் தம்பி. வயரைச் செருகினால் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்." உப்பிய பேட்டரியை எடுத்தது சரிதான், அதன் இடத்தில் வேறு வைக்காததுதான் பிழை. பேட்டரி இல்லாத மடிக்கணினிக்கு வீட்டு மின்சாரம் நிற்கும் நொடியே தன் கடைசி நொடி. இடி இடித்து வீட்டு மெயின் சுவிட்ச் விழும் ஒவ்வொரு மாலையும் அது எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே செத்திருக்கிறது. கடைசியாக விழுந்த நாளில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததாக மகன் சொன்னான்.

பழுது நீக்கும் கருவி பாதிக் கோப்புகளைச் சரிசெய்ய முடியாமல் நின்றது. படங்களை வெளியே எடுத்து, எண்ணிப் பார்த்து, அங்கங்கே திறந்தும் பார்த்த பிறகு வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவினேன். புது பேட்டரியும் போட்டேன். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இதே காரணத்துக்காக யு.பி.எஸ். வாங்குங்கள், மின்சாரம் போன பிறகு முறையாக அணைப்பதற்கு அது தரும் சில நிமிடங்கள் போதும்.

வாங்கிக்கொள்ள வந்த அன்று அக்கா முதலில் ஒரு படத்தைத் திறக்கச் சொன்னார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்தது அது: தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி, பின்னால் வரிசையாக மரங்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து இரண்டு புதிய பென்டிரைவ்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒன்றில் எனக்கு, இன்னொன்றில் ஈப்போவில் இருக்கும் என் தம்பிக்கு" என்றார்.